டேலிலி கலப்பு: தடவுவது சுலபம், கழிப்பதுதான் பாடு

வட கரோலினாவில் ஜூன் நடுவிலிருந்து ஜூலை முதல் வாரம் வரை எங்கள் வீட்டில் காலைக் காப்பி தோட்டத்தில்தான். லில்லி போலப் பூக்கும் டேலிலிச் செடிகளை ஒன்றோடொன்று கலந்து புது நாற்று உண்டாக்குகிறேன். டேலிலி ஒருநாள் பூ. காலையில் விரிந்தது ராத்திரிக்குள் சுருண்டுவிடும், மறுநாள் அதே தண்டில் வேறொரு மொட்டு திறக்கும். எதோடு எதைச் சேர்ப்பது என்று முன்பே முடிவு செய்திருந்தாலும் இரண்டும் ஒரே நாளில் பூத்தால்தான் வசதி. இல்லையென்றால் மகரந்தத்தை ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளலாம். துருவிய தேங்காய்க்குப் பக்கத்தில் என் மகரந்த டப்பா இருக்கிறது. வீட்டில் யாரும் தொடமாட்டார்கள்.

இங்கே எல்லோரையும்போல நானும் ஸ்டெல்லா டி ஓரோவில்தான் ஆரம்பித்தேன். பெட்ரோல் பங்க், கார் நிறுத்துமிடம் என்று எங்கும் நிற்கும் அந்தக் குட்டை மஞ்சள் பூ. தீவிரமாகச் சேகரிப்பவர்களுக்கு அது இளப்பம். எனக்கு அப்படி இல்லை. வால்டர் ஜப்லோன்ஸ்கி 1975-இல் டேலிலி சங்கத்தில் புது ரகமாகப் பதிவு செய்த செடி, 1985-இல் டேலிலிக்கான மிக உயர்ந்த பரிசான ஸ்டவுட் பதக்கம் வாங்கியது. ஒரு முறை பூத்து ஓயாமல் திரும்பத் திரும்பப் பூக்கிற குணம் சும்மா வந்துவிடாது.

கலப்பு செய்வதில் வித்தை ஒன்றும் இல்லை. பனி உலர்ந்ததும் ஒரு பூவின் மகரந்தத்தாளைக் கிள்ளி, இன்னொரு பூவின் நீண்ட சூல்தண்டின் நுனியில் மஞ்சள் தெரியும்படி தடவ வேண்டும். சீட்டில் தாய்ச்செடியின் பெயர் முதலில், மகரந்தம் தந்ததன் பெயர் அடுத்து. வெயில் ஏறிவிட்டால் காய் பிடிக்காமல் உதிரும், அதனால் எல்லாம் காலையிலேயே. பிடித்த காய் ஏழெட்டு வாரத்தில் வெடிக்கும். உள்ளே மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாய், பளபளவென்று கறுப்பு விதைகள். விதைக்கும் முன் அவற்றையும் சில வாரம் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும்.

ஒரு தோழி கேட்டாள்: “சாலையோரம் ஒரு ஆரஞ்சுப் பூ நிற்குதே, எதற்கும் சாகாதது. அதை உன் ரோஸ் நிற டேலிலியோடு சேர்த்தால் என்ன?” நல்ல யோசனைதான், ஆனால் ஆகாது. டேலிலியில் 22 குரோமோசோம் உள்ளவை ஒரு கூட்டம், 44 உள்ளவை ஒரு கூட்டம். இரண்டும் பொதுவாகச் சேராது. சாலையோர ஆரஞ்சும் டேலிலிதான், ஆனால் அதற்கு 33. விதையே அநேகமாகக் கட்டாது, வேர் ஓடியே ஊரெல்லாம் பரவியது அது.

உண்மையான பாடத்தை மலைப்பக்கம் தோட்டம் வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம்தான் கற்றேன். முதல்முறை பூத்த நாற்றுகள் வரிசையாக நின்றன. பீச் நிறத்தில், நடுவில் மாதுளைச் சிவப்பு வளையத்தோடு ஒரு பூ. நான் அங்கேயே நின்றுவிட்டேன். “பூவை விடுங்கள், தண்டைப் பாருங்கள்” என்றார். உச்சியில் மட்டும் ஒரு கவை, மொட்டுகள் விரல்விட்டு எண்ணும்படி. நாலைந்து நாளில் பூத்து ஓய்ந்துவிடும். சொல்லிக்கொண்டே மண்வெட்டியை இறக்கிவிட்டார். எனக்காவது கொடுங்கள் என்றேன். மாட்டேன் என்றுவிட்டார். தன் தோட்டத்துச் செடி என்ற பெயரோடு அது எங்கும் நிற்கக்கூடாதாம்.

அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது நானும் அதையே செய்கிறேன், மனசு கேட்காமல். குளிர்ந்த இரவுக்கு மறுநாள் பூ சரியாக விரியவில்லையா, உச்சி வெயிலில் சாயம் வழிந்ததுபோல் ஆகிறதா, பெற்றோரைவிடப் புதிதாக ஒன்றும் இல்லையா, போகட்டும். கோடையில் வந்திருந்த மாமியார் பார்த்துப் பதறிவிட்டார். “ஏம்மா, பூத்து நிற்கிற செடியைப் பிடுங்குறியே, கை வருதா உனக்கு?” நான் குவித்ததையெல்லாம் கூடையில் அள்ளிக்கொண்டுபோய் வேலியோரம் நட்டுவிட்டார். அதில்தான் தினம் சாமிக்குப் பூப் பறித்தார். எப்படியும் சாயங்காலம் வாடப் போகிற பூ, வீணாகவில்லை. அந்த வேலிக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களும் இப்போது ரசிகர்கள். நல்லவேளை, மான்களுக்கு இன்னும் தெரியவில்லை. தெரிந்தால் ஒரே ராத்திரியில் மொட்டெல்லாம் காலி.

இத்தனை கழித்ததில் ஒரு நாற்று மட்டும் தப்பி நிற்கிறது. இளமஞ்சள், ஊதா விளிம்பு, தண்டில் மூன்று கவை. பதிவு செய்யலாம் என்று ஆசை. ஆனால் ஏற்கெனவே பதிவானவை லட்சத்தைத் தாண்டிவிட்டன, இருக்கிற பெயரை மறுபடி வைக்கச் சங்கத்தார் விடமாட்டார்கள். மாமியார் போனில் குலதெய்வத்தின் பெயரைச் சொல்கிறார். சரி, இன்னொரு குளிர்காலம் தாண்டட்டும், மொட்டுகளை எண்ணிவிட்டுச் சொல்கிறேன் அத்தை என்று சொல்லியிருக்கிறேன்.