மறு: தேனீ திரட்டும் மகரந்தத்துக்குக் கலைச்சொல்

> ‘பூந்தாது’ போதுமே, அழகான தமிழ்ச்சொல்லும்கூட.

வணக்கம் ஐயா,

அழகான சொல்தான். சங்கப் பாடல்களில் தும்பி உண்ணும் தாதும் அதுவே. ஆனால் உணவைப் பற்றிய எழுத்தில் ‘தாது’ என்றால் இரும்பும் சுண்ணாம்பும்தான் நினைவுக்கு வரும். ‘தாதுச்சத்து நிறைந்த பூந்தாது’ என்று எழுதினால் படிப்பவர் தடுமாறுவார். மகரந்தம் வடசொல் என்றாலும் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அதையே அடிச்சொல்லாக வைத்துக்கொள்வோம்.

என் கவலை வேறு. இந்த உணவின் வரலாற்றை எழுதப் போனால் வெவ்வேறு பண்டங்கள் ஒரே பெயரில் வந்து சிக்கிக்கொள்கின்றன. நியூசிலாந்தின் மாவோரி மக்கள் சம்பங்கோரைக் கதிரிலிருந்து மகரந்தம் எடுத்து, நீர்விட்டுப் பிசைந்து வேகவைத்து உண்டார்கள். அதில் தேனீக்கு வேலையே இல்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் விழுந்தெழுந்து உலக சாதனையோடு வென்ற பின்லாந்தின் லாசே விரேன் உண்டதாகச் சொல்லப்பட்டதோ தேனீ திரட்டியது. (அதனால் ஓட்டத் திறன் கூடும் என்பதற்குப் பின்னாளைய ஆய்வுகளில் சான்று கிடைக்கவில்லை, கட்டுரையில் இதையும் சேர்த்தே எழுதவேண்டும்.)

தேனீ திரட்டியது வெறும் பூத்தூள் அல்ல. தேனும் உமிழ்நீரும் விட்டுக் குழைத்து, பின்னங்கால் கூடையில் உருட்டி வைத்துக்கொண்டு வரும். பெட்டி வாசலில் சிறு துளைத் தட்டி வைத்தால், தேனீ நுழைந்து போகும். காலில் இருந்த உருண்டை கீழே தட்டில் விழும். ஒரே தட்டில் மஞ்சள், ஆரஞ்சு, பழுப்பு என்று பூவுக்கொரு நிறம் கிடக்கும். கடையில் விற்பது இதைத்தான். ஆகவே ‘மகரந்த உருண்டை’ என்கிறேன். ‘தேனீ மகரந்தம்’ என்றால் தேனீயிடமே மகரந்தம் உண்டாவதுபோல் ஆகிவிடும்.

மூன்றாவது, இந்த உருண்டையைத் தேனீ அடையின் அறைக்குள் தலையால் இடித்து நிரப்பித் தேன் பூசிய பின் லாக்டிக் அமிலத்தால் புளித்து வருவது. ‘தேனீ ரொட்டி’ என்று எழுதுகிறார்கள்; தமிழில் அது ஒட்டவே இல்லை. தேனடை எல்லாருக்கும் பழகிய சொல், எனவே ‘அடைமகரந்தம்’ எனலாமே?

மகரந்த ஒவ்வாமை உள்ளவருக்கு இவற்றால் மூச்சடைப்பு வரை போகக்கூடும். புட்டியில் எது இருக்கிறது என்று பெயரிலேயே தெரிந்தாகவேண்டும்.

‘அடைமகரந்தம்’ பொருந்தவில்லை என்று தோன்றினால் ‘புளிமகரந்தம்’ என்பதற்கும் இசைகிறேன். தேனீ வளர்ப்பவர்கள் யாரேனும் குழுவில் இருந்தால், பெட்டியருகே என்ன சொல்லிப் புழங்குகிறார்கள் என்று எழுதுங்கள்; அது கிடைத்தால் என் இரண்டு சொற்களையும் விட்டுவிடலாம்.