மேப்பிள் இலையின் சிவப்பு படத்தில் அப்பிக்கொள்கிறது, என்ன செய்யலாம்?

கேள்வி:
வணக்கம். செப்டம்பர் கடைசியில் கனடாவில் ஒன்ராறியோவின் அல்கொன்குவின் பூங்காவுக்குப் போய் லுக்அவுட் டிரெயிலில் நடந்தோம். நல்ல வெயில். தூரத்துக் காட்சிகள் பரவாயில்லை. கிட்டப் போய் எடுத்த சிவப்பு இலைகள்தான் சிக்கல்: நரம்பே தெரியாமல் சாயத்தை அப்பிவிட்டதுபோல் இருக்கின்றன. மஞ்சள் இலைகளோ வெளிறிப்போய்விட்டன. ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தைத் தொடவே இல்லை, அதாவது வெளிச்சம் மிஞ்சியதாகக் காட்டவில்லை. மிரர்லெஸ் கமெரா, ஜேபெக் கோப்பு, ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் (ஒளியின் நிறத்துக்கேற்ப கமெரா தானே நிறத்தைச் சரிசெய்வது), லேண்ட்ஸ்கேப் ஸ்டைல் (இயற்கைக் காட்சிக்கான நிற அமைப்பு). அடுத்த வாரமும் போகிறோம், எதை மாற்றலாம்?

பதில் 1:
நீங்கள் பார்த்தது வெள்ளை நிற ஹிஸ்டோகிராமாக இருக்கும். அது மொத்த வெளிச்சத்தைக் காட்டுவது, அதில் பச்சைக்கே எடை அதிகம். சிவப்பு மட்டும் முட்டி வழிந்தாலும் அது காட்டிக்கொடுக்காது. மெனுவில் சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகக் காட்டும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமுக்கு மாற்றி, சிவப்புக் கோட்டை மட்டும் பாருங்கள். வலது சுவரில் ஒட்டி நின்றால் எக்ஸ்போஷரை (படத்தில் விழும் வெளிச்ச அளவை) மைனஸ் 2/3க்குக் குறையுங்கள், போதாவிட்டால் மைனஸ் 1. லேண்ட்ஸ்கேப் ஸ்டைல் நிறத்தை இன்னும் ஏற்றிவிடும், ஸ்டாண்டர்ட் போதும். முடிந்தால் ரா கோப்பும் (கமெரா பதப்படுத்தாத மூலப் பதிவு) சேர்த்து எடுங்கள். ஜேபெக்கில் போன நரம்பு சில நேரம் அதில் இருக்கும்.

பதில் 2:
மேலே சொன்னது சிவப்புக்குச் சரி. மஞ்சள் வெளிறுவதற்கு வேறு காரணம் இருக்கிறது. இலையின் மேல்தோல் மெழுகுபோல் பளபளப்பானது, வானத்தின் வெண்மை அதில் பட்டு நிறத்தை மூடிவிடும். சர்க்குலர் போலரைசரை (லென்ஸின் முன்னால் மாட்டும், பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டர்) மாட்டி மெல்லச் சுழற்றுங்கள். ஓர் இடத்தில் பளபளப்பு விலகி, அடியிலுள்ள மஞ்சள் எழுந்து வருவது கண்ணுக்கே தெரியும். ஒயிட் பேலன்ஸை ‘கிளவுடி’யில் வையுங்கள். ஆட்டோவில் விட்டால் மஞ்சளைத்தான் முதலில் தணிக்கும்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. போலரைசர் இருக்கிறது அண்ணா, வானத்தை நீலமாக்க மட்டும் பாவிப்பேன். மேகமூட்டத்தில், மழைக்குப் பிறகும் உதவுமா?

பதில் 2:
அப்போதுதான் கட்டாயம் வேண்டும் தம்பி. ஈர இலை கண்ணாடிபோல் மினுங்கும். ஆனால் போலரைசர் ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்), காட்டுக்குள் ஏற்கெனவே இருட்டு. காற்றில் இலை ஆடினால் ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் கீழே இறங்காதபடி ஐஎஸ்ஓவை (ஒளிக்கான உணர்திறன் அளவை) ஏற்றுங்கள். படத்தில் புள்ளிப்புள்ளியாகக் கொஞ்சம் குருணை விழுந்தால் பரவாயில்லை, கலங்கிய இலையைத் திருத்த வழியே கிடையாது. வெயில் வந்துவிட்டால் சூரியனைப் பார்த்தபடி நின்று, ஒளி ஊடுருவும் இலையை எடுங்கள். நரம்பெல்லாம் தனித்தனியாகத் தெரியும்.

பதில் 3:
ஒரு விஷயம். அடுத்த வாரம் மேப்பிள் பாதி உதிர்ந்திருக்கலாம். அதற்குப் பிறகு ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகும், அக்டோபர் நடுவில் சதுப்பு ஓரத்து டாமரக் என்ற ஊசியிலை மரம் பொன்னிறமாகும். அவற்றையும் பாருங்கள். பூங்காவுக்கான வாகன அனுமதியை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், இலைக் காலத்து வார இறுதிகளில் சீக்கிரம் முடிந்துவிடும்.