பண உதவி கேட்கும் வெளிநாட்டு மாணவர் எர்லியை எந்தக் கல்லூரிக்குப் போடுவது?

அமெரிக்காவில் இளநிலைப் படிப்புக்கு எர்லி (வழக்கமான சுற்றுக்கு முன்பே, நவம்பர் வாக்கில் அனுப்பும் விண்ணப்பம்) போடும்போது எல்லோரும் முதலில் தேடுவது சேர்க்கை விகிதத்தைத்தான். எர்லியில் 20 சதவீதம், வழக்கமான சுற்றான ரெகுலரில் 6 என்று பார்த்ததும் கை அங்கேதான் போகும். விளையாட்டுக்காக முன்பே பயிற்சியாளர் பேசி வைத்தவர்கள், பழைய மாணவர்களின் பிள்ளைகள், முழுக் கட்டணம் கட்டக்கூடியவர்கள் எல்லோரும் அந்த 20-க்குள் இருக்கிறார்கள். உதவி கேட்கும் வெளிநாட்டு மாணவர் அதை நம்பி முடிவெடுக்கக் கூடாது.

பார்க்க வேண்டியது காமன் டேட்டா செட், அதாவது கல்லூரிகள் ஒரே வடிவத்தில் வெளியிடும் புள்ளிவிவரத் தொகுப்பு. கல்லூரியின் பெயரோடு சேர்த்துத் தேடினால் பிடிஎஃப் கிடைக்கும். அதில் எச்6 என்ற பகுதிக்கு நேராகப் போங்கள். எத்தனை வெளிநாட்டு மாணவர்களுக்குக் கல்லூரி தன் பணத்திலிருந்து உதவி கொடுத்தது, சராசரி எவ்வளவு டாலர் என்று அங்கே இருக்கும். அந்த எண்ணிக்கை நான்கு ஆண்டு மாணவர்களுக்கும் சேர்த்து. 120 என்றிருந்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 30 பேர். பி2 பகுதியில் வெளிநாட்டு மாணவர் மொத்தம் எத்தனை என்று பார்த்தால், எத்தனை பேரில் எத்தனை பேருக்குக் கிடைத்தது என்பது விளங்கிவிடும்.

அடுத்து, சராசரியை அந்தக் கல்லூரியின் மொத்த ஆண்டுச் செலவோடு வைத்துப் பாருங்கள். செலவு 85,000 டாலர், சராசரி உதவி 20,000 என்றால் அங்கே கிடைப்பது பெரும்பாலும் மெரிட் தள்ளுபடி, அதாவது பணத்தேவையைப் பார்க்காமல் மதிப்பெண்ணுக்கும் திறமைக்கும் தருவது. மீதி 65,000 வீட்டிலிருந்து போக வேண்டும். அந்தக் கல்லூரி எவ்வளவு பிடித்திருந்தாலும் எர்லி டிசிஷன் (இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டிய எர்லி) போடாதீர்கள். சராசரி 70,000-ஐத் தொட்டால் பட்டியலில் வையுங்கள்.

*

மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு மாணவரின் பணத்தேவையைப் பார்க்காமல் சேர்த்து, தேவை முழுவதையும் கொடுக்கும் கல்லூரிகள் மிகச் சில: ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட் போன்றவை. 2022-இல் டார்ட்மத்தும் போடன் கல்லூரியும் சேர்ந்தன. பிரவுன் 2025-இல் நுழைந்த வகுப்பிலிருந்து.

இவற்றுக்குள்ளேயே விதிகள் வேறு. டார்ட்மத், பிரவுன், ஆம்ஹெர்ஸ்ட், போடன் எர்லி டிசிஷன். இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டனில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் அங்கே எர்லி போட்டால் வேறு தனியார் பல்கலைக்கழகம் எதிலும் எர்லி போட முடியாது. அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் பிரிட்டன் போன்ற வெளிநாடுகளுக்கும் போடலாம். அதனால் அக்டோபர் நடுவில் வரும் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கெடுவுக்கு இது தடையில்லை.

வில்லியம்ஸ், பொமோனா, ஸ்வார்த்மோர், வாசர், கிரினல் போன்றவை தேவை முழுவதையும் கொடுக்கும், ஆனால் சேர்க்கும்போதே எவ்வளவு கேட்கிறீர்கள் என்று பார்க்கும். என் கணிப்பில், மதிப்பெண்ணும் சாதனைகளும் நன்றாக இருந்தும் ஒலிம்பியாட் பதக்கம் அளவுக்கு இல்லாத மாணவருக்கு எர்லி உண்மையில் கைகொடுப்பது இங்கேதான். டிசம்பரில் அந்த ஆண்டின் வெளிநாட்டு உதவிப் பணத்தில் பெரும்பகுதி இன்னும் ஒதுக்கப்பட்டிருக்காது. மார்ச்சில் மிச்சத்துக்குத்தான் போட்டி. ஹார்வர்டுக்கு எர்லி போட்டு நிராகரிக்கப்பட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். இவற்றில் பலவற்றில் ஜனவரித் தொடக்கத்தில் எர்லி டிசிஷன் 2 என்ற இரண்டாம் சுற்று இருக்கிறது, பிப்ரவரி நடுவில் முடிவு வரும், விதிப்படி அதற்குப் போகலாம். ஆனால் அதற்குள் உதவிப் பணத்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும்.

*

எந்தக் கல்லூரி என்று முடிவு செய்த பிறகு ஆவணங்களில் தடுமாறுபவர்கள் அதிகம். குடும்பத்தின் வருமானம், சொத்து விவரங்களைக் கேட்கும் நிதி உதவிப் படிவமான சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் அக்டோபர் 1-இல் திறக்கும். முதல் கல்லூரிக்கு 25 டாலர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 16. கட்ட முடியாவிட்டால் கல்லூரியின் நிதி உதவி அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கட்டண விலக்குக் குறியீடு கேளுங்கள். சில இடங்களில் இலவசமான மாற்றுப் படிவத்தையே ஏற்பார்கள்.

படிவத்தில் கரன்சியை ரூபாய் என்று தேர்ந்தால் எல்லாத் தொகையும் ரூபாயில்தான் வர வேண்டும். நடுவில் ஒன்றை டாலரில் போட்டால் கணக்கு முழுவதும் கெடும். விவசாய வருமானத்துக்கு இங்கே வருமான வரி இல்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள்; வரியில்லா வருமானம் என்ற இடத்தில் எழுத வேண்டும். நிலத்தின் மதிப்பும் வேண்டும்.

பெற்றோர் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யாதவர்கள் என்றால் முதலாளியிடம் சம்பளக் கடிதமும் வட்டாட்சியரின் வருமானச் சான்றிதழும் வாங்கலாம். இதில் ஒரு சிக்கல். பள்ளி உதவித்தொகைக்காக ஆண்டு வருமானம் 72,000 என்று வாங்கிய பழைய சான்றிதழை அப்படியே இணைத்துவிட்டு, படிவத்தில் 4 லட்சம் என்று எழுதினால் கல்லூரி விளக்கம் கேட்கும், கோப்பு நின்றுவிடும். புதிதாக, உண்மையான தொகைக்கு வாங்குங்கள். தமிழில் உள்ள ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு சேர்க்க வேண்டும்.

எர்லி டிசிஷன் ஒப்பந்தத்தில் மாணவர், பெற்றோர், பள்ளி ஆலோசகர் மூவரும் கையெழுத்திட வேண்டும். பல பள்ளிகளில் ஆலோசகர் என்று ஒருவர் இருக்க மாட்டார். தலைமையாசிரியர் அந்தப் பொறுப்பில் பதிவு செய்துகொள்ளலாம். பூஜை விடுமுறைக்கு முன்பே அவரிடம் பேசிவிடுங்கள். நவம்பர் 1 கெடுவுக்கு அக்டோபர் கடைசி வாரம் மிகவும் தாமதம்.

*

கட்டாயம் என்றதும் பயப்படுபவர்களுக்கு: உதவி கேட்டு விண்ணப்பித்தவருக்குக் கல்லூரி தரும் தொகை போதாவிட்டால் எர்லி டிசிஷனிலிருந்து விலகலாம், ஒப்பந்தத்திலேயே அந்த இடம் உண்டு. முதலில் மறுபரிசீலனை கேளுங்கள். விலகுவது உறுதியானால் சொல்லிவிட்டு உடனே ரெகுலர் விண்ணப்பங்களுக்குப் போங்கள். ரெகுலர் கெடுவான ஜனவரி 1 நெருங்கியிருக்கும், கட்டுரைகள் தயாராக இருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, வாய்ப்பு கூடும் என்று நினைத்து உதவி வேண்டாம் என்று குறித்துவிட்டு, சேர்ந்த பிறகு கேட்பது. ஸ்டான்ஃபோர்டு உள்ளிட்ட பல இடங்களில் விண்ணப்பத்தின்போது கேட்காத வெளிநாட்டு மாணவர் நான்கு ஆண்டுகளுக்கும் கேட்க முடியாது.

முழு உதவி கிடைத்தாலும் எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு முன் செவிஸ் கட்டணம் (அமெரிக்க அரசின் மாணவர் பதிவுக் கட்டணம்) 350 டாலர், விசாக் கட்டணம் எல்லாம் பெரும்பாலும் உங்கள் கையிலிருந்துதான். விமானச் செலவைச் சில கல்லூரிகள் உதவிக் கணக்கில் சேர்க்கும், சில சேர்க்காது. உதவிக் கடிதம் வந்ததும் அந்தச் செலவு அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.