கலைச்சொல் வேண்டும்: இறக்கத்தில் சார்ஜ் ஏற்றும் பிரேக்

குன்னூர், மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். நீலகிரியில் சுற்றுலாப் பேருந்துகளை மின்சாரத்துக்கு மாற்றும் ஒரு நிறுவனத்துக்காக ஓட்டுநர் கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 'ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங்' என்ற ஒரே சொல்லில் நின்றுவிட்டேன். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வேகத்தைக் குறைத்துப் பேட்டரியில் சார்ஜ் ஏற்றுகிறது. ஊட்டிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வேறுபாடு ஏறக்குறைய 1,900 மீட்டர். 15 டன் பேருந்து அவ்வளவு இறங்கும்போது சுமார் 78 யூனிட் ஆற்றல் வெளிப்படும். டீசல் வண்டியில் அது வெப்பமாகவே போய்விடும். வழியில் பர்லியாறில் டீக்கு நிற்கும் பேருந்தின் சக்கரத்தருகே பிரேக் லைனர் தீய்ந்த வாசம் அடிக்குமே, அது இந்த 78 யூனிட்டில் ஒரு பங்குதான். மின்சாரப் பேருந்தில் நல்ல பகுதி திரும்பக் கிடைக்கும். 'மீள்நிறுத்தம்' சரியா?

தஞ்சாவூர், தமிழாசிரியர்:
வேண்டாம் அம்மா. மீள்தல் தன்வினை, மீட்டல் பிறவினை. மீள்நிறுத்தம் என்றால் வினைத்தொகை. மீண்ட, மீள்கின்ற, மீளும் நிறுத்தம் என்று விரியும். மறுபடி நிறுத்துவதாகத்தான் பொருள்படும். இங்கே மின்சாரம் தானாக மீளவில்லை, நாம் மீட்கிறோம். அடகு வைத்த நகையை மீட்பது போல, ஏறும்போது வைத்ததை இறங்கும்போது மீட்கிறோம். 'மீட்புத் தடை' என்று எழுதுங்கள்.

மேட்டுப்பாளையம், ஓட்டுநர் பயிற்றுநர்:
ஐயா மன்னிக்கணும். தடை என்றால் எங்கள் பையன்களுக்கு வேகத்தடைதான். மீட்பு என்றால் பள்ளத்தில் கிடக்கும் வண்டியைத் தூக்க வரும் கிரேன். 'மீட்புத் தடை' என்று படித்தால் ஆபத்தில் கைகொடுக்கும் பிரேக் என்று நினைத்துவிடுவார்கள். விஷயம் நேர்மாறு. ராத்திரி ஊட்டியில் சார்ஜ் போட்டு, காலையில் 100 சதவீதத்தோடு இறங்கினால் பேட்டரியில் இடமே இருக்காது. அப்போது இது சரியாக வேலை செய்யாது, கால் பிரேக்கில்தான் இறங்க வேண்டும். அதனால் மேலே முழுக்கச் சார்ஜ் போடாதே என்றுதான் முதல் பாடம் எடுக்கிறேன். நாங்கள் சொல்வது 'சார்ஜ் பிரேக்'. எல்லாருக்கும் புரிகிறது.

மதுரை, ஓய்வு பெற்ற பேராசிரியர்:
நம்மிடம் சொல் இல்லாமலா? புறநானூறு 102-இல் ஔவையார், உப்பு வணிகர் வண்டியின் கீழ்மரத்தில் கட்டிய 'சேம அச்சு' பற்றிப் பாடுகிறார். 'அவல் இழியினும் மிசை ஏறினும்' என்ன நேருமோ என்று எடுத்துப்போன மாற்று அச்சு. பள்ளத்தில் இறங்குவதும் மேட்டில் ஏறுவதும் அந்த ஒரே அடியில் இருக்கின்றன. சேமிப்பும் அங்கிருந்து வந்ததே. 'சேமத் தடை' பொருந்தும்.

தஞ்சாவூர்:
சேமம் வடமொழி க்ஷேமம். தூய தமிழ் தேடிப் போய் அங்கே நிற்கலாமா?

மதுரை:
இறகு சிறகாவது போல ஏமம் சேமமாகும். ஏமம் சங்கச் சொல். காவல் என்று பொருள்.

தஞ்சாவூர்:
சமண் அமண் ஆனதே, அங்கே மறைந்தது வடசொல்லின் சகரம். அப்படிச் சேமமே ஏமம் ஆகியிருக்கலாமே. ஒரு சோடியைக் காட்டி வேர் நாட்ட முடியாது.

யாழ்ப்பாணம்:
இங்கே நாங்கள் 'பிறேக்' என்றே எழுதுகிறோம், அதனால் தமிழ் கெட்டதாக யாரும் நினைப்பதில்லை. மீட்புக்கு முன்னால் 'மின்' சேருங்கள், கிரேன் குழப்பம் தீரும். 'மின்மீட்பு பிரேக்'.

மேட்டுப்பாளையம்:
இது பரவாயில்லை. ஆனால் பக்கத்திலேயே 'சார்ஜ் பிரேக்' என்றும் போடுங்கள். 14 கொண்டை ஊசி வளைவிலும் அகராதி பார்க்க நேரமில்லை.

குன்னூர்:
என்னையும் சேர்த்து மூன்று பேர் 'மின்மீட்பு பிரேக்' பக்கம், இருவர் மறுப்பு. நாளைக்கே பக்கம் கட்ட வேண்டும், இதையே எடுத்துக்கொள்கிறேன். முதல் இடத்தில் 'மின்மீட்பு பிரேக், அதாவது சார்ஜ் பிரேக்' என்று வரும். முழுச் சார்ஜில் இறங்குவது பற்றிய எச்சரிக்கை தனிக் கட்டத்தில், பெரிய எழுத்தில் இருக்கும்.

தஞ்சாவூர்:
பிரேக்கை ஏற்றாலும் சந்தியை விட முடியாது. 'மின்மீட்புப் பிரேக்'. வலி மிகும். ஒற்று இல்லாமல் அச்சிட வேண்டாம்.

மதுரை:
சேம அச்சை நான் விடவில்லை. நாளை இரவு ஏமம் பற்றி விரிவாக எழுதுகிறேன்.