இதயத் தசை: அமிலமும் கால்சியமும் எதிரெதிரே இழுப்பதை எப்படி விளக்குவது?

உடலியங்கியல் அறிந்தவர்கள் கைகொடுங்கள். திங்கட்கிழமை வகுப்பெடுக்க வேண்டும். ஓரிடத்தில் சிக்கி நிற்கிறேன்.

இதயத் தசைச் செல்லுக்குள் பிஎச் (குறையக் குறைய அமிலம் கூடுவதைக் காட்டும் அளவு) 7.2-லிருந்து 6.8-க்கு இறங்கினால் சுருங்கும் விசை தளர்கிறது. கால்சியத்தைப் பற்றிக்கொண்டு சுருக்கத்தைத் தொடங்கிவைக்கும் ட்ரோபோனின் என்ற புரதம், அதை முன்போல் பற்றுவதில்லை என்பதே முக்கியக் காரணம். இதுவரை புரிகிறது. ஆனால் அமிலத்தைக் குறைக்க ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளும் பரிமாற்றி (செல் சவ்வில் உள்ள புரதம்), பதிலுக்குச் சோடியத்தை உள்ளே விடுகிறது. சோடியம் சேர்ந்தால், சோடியம்-கால்சியம் பரிமாற்றி வழியாகச் செல்லுக்குள் கால்சியமும் ஏறுகிறது. விசை சில நிமிடங்களில் ஓரளவு மீள்கிறது. கரும்பலகையில் எதிரெதிராக இரண்டு அம்புக்குறி வரைந்தேன். எனக்கே குழப்பம், அழித்துவிட்டேன்.

இதை மாணவர்களுக்கு எந்த வரிசையில் சொல்வது? கால் தசையிலும் இதே கதைதானா? பிறந்த எலிக்குட்டியின் இதயம் அமிலத்தைக் கூடுதலாகத் தாங்குவதற்கு ட்ரோபோனின் ஐ (ட்ரோபோனினின் ஒரு கூறு) வகை வேறுபாடு காரணம் என்பதையும் சேர்க்கலாமா, முதலாண்டுக்கு அது அதிகமா? எளிய வரைபடம் இருந்தால் அனுப்புங்கள்.