வாத்தியாரின் பிரம்பு நம்மைப் படிக்கவைத்ததா? தாராவிப் பள்ளி நினைவுகள்

லேபர் கேம்ப் வாசி:
மும்பை தாராவியின் லேபர் கேம்ப் பகுதியில் வளர்ந்து, 1975இல் மாநகராட்சிப் பள்ளியில் தமிழ்வழியில் முதல் வகுப்புச் சேர்ந்தவன் நான். தோல் கிடங்கில் சுமை தூக்கிய என் அப்பா, முதல் நாளே வாத்தியாரிடம் "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்" என்று சொல்லி ஒப்படைத்துவிட்டுப் போனார். வாய்ப்பாடு தப்பினால் உள்ளங்கையில் பிரம்படி விழும். ஆனால் இரண்டு நாள் நான் வராவிட்டால் அதே வாத்தியார் சாக்கடையைத் தாண்டி எங்கள் குடிசை வாசலில் வந்து நிற்பார். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அடிப்பதைத் தடுத்தபோது, பிள்ளைகள்மேல் ஆசிரியருக்கு இருந்த அந்த உரிமையும் சேர்ந்தே போய்விட்டது என்பதுதான் என் வருத்தம்.

கோலிவாடாக்காரி (தாராவியின் இன்னொரு பகுதி):
அண்ணா, வாத்தியார் வீடு தேடி வந்ததை நான் மறுக்கவில்லை, அதற்கான புகழைப் பிரம்புக்குக் கொடுப்பதைத்தான் மறுக்கிறேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் குழாயடியில் வரிசையில் நின்று தண்ணீர் பிடித்து, தம்பியைக் குளிப்பாட்டிவிட்டுத்தான் பள்ளிக்கு வர முடியும் என்பதால், தாமதத்துக்காக நாள்தோறும் அடி வாங்கினாள். ஐந்தாம் வகுப்பின் பாதியிலேயே நின்று, அம்மாவோடு பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள். தோல் கிடங்குக்காரர் பிள்ளைகளை "நாறுகிறது" என்று சொல்லிக் கடைசியில் உட்காரவைத்ததும் நடந்தது. அச்சட்டத்தின் 17ஆம் பிரிவு உடலில் விழும் அடியோடு மனத்தில் விழும் அடியையும் சேர்த்துத் தடுத்ததே அதனால்தான். அடியைத் தாங்கிப் படித்து வந்த நாம்தான் இங்கே பேசுகிறோம். தாங்காமல் போனவர்கள் இங்கே இல்லை.

லேபர் கேம்ப் வாசி:
கடைசியில் உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன். அதை நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் படிப்பு நின்றதற்கெல்லாம் அடியா காரணம்? எங்கள் பள்ளியில் தமிழ் ஏழாம் வகுப்போடு முடிந்தது. அதற்குமேல் இந்தியிலோ மராத்தியிலோ படிக்க வேண்டும். 1982 ஜனவரி 18இல் மும்பைத் துணி மில் வேலைநிறுத்தம் தொடங்கியது. அதில் இறங்கிச் சம்பளம் இழந்த சுமார் இரண்டரை லட்சம் பேரில் எனக்குப் படிப்புச் செலவு செய்துவந்த சித்தப்பாவும் ஒருவர். அந்த ஆண்டு என் கையைப் பிடித்து இந்திப் பள்ளிக்கு அழைத்துப்போய்ச் சேர்த்து, நோட்டுகளும் வாங்கித் தந்தவர் அடித்த அதே வாத்தியார்தான்.

ஓய்வுபெற்ற ஆசிரியை:
நானும் அங்கே தமிழ்வழி வகுப்பெடுத்தவள், அடித்தும் இருக்கிறேன். ஒரே அறையில் அறுபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, வகுப்பு கைமீறிவிடுமோ என்ற பயத்தில் அடித்தேனே தவிர, அந்த அடியால் யாருக்கும் கணக்கு வந்ததாக எனக்கு நினைவில்லை. நாங்கள் வீடு தேடி வந்ததில் அன்பு இருந்தது. எண்ணிக்கை குறைந்தால் தமிழ் வகுப்பையே மூடிவிடுவார்கள் என்ற கவலையும் இருந்தது. கோலிவாடாக்காரி சொல்லும் அந்தப் பெண்ணைப் போல எத்தனையோ பேர் நின்றார்கள். பையன் நின்றால் மூன்று முறை போயிருக்கிறேன். பெண் பிள்ளை நின்றால் ஒரு முறை போய், "வீட்டில் வேலை இருக்கிறது" என்று அம்மா சொன்னதும் திரும்பி வந்துவிட்டேன்.

லேபர் கேம்ப் வாசி:
டீச்சர், என் அக்கா நான்காம் வகுப்போடு நின்றவர். அவரைத் தேடி எங்கள் வாசலுக்கு யாராவது வந்தார்களா என்று இத்தனை வருடத்தில் நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. இன்று இரவு கேட்கிறேன்.