காசுக் கண்காட்சியில் டீலர்களிடம் வாங்கிய அனுபவம்: நம் உறுப்பினர்கள் சொன்னவை

நான் திருச்சிக்காரன். பதினேழு வருடமாகச் சோழர் காசும் சங்ககாலக் காசும் சேர்க்கிறேன். முதலில் வாங்கியது ராஜராஜன் செப்புக்காசு, 150 ரூபாய். ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த கண்காட்சி அது. கடைசி வரிசையில் ஒரு பெரியவர் டேபிள் போட்டிருந்தார். சிவப்பு வெல்வெட் விரித்த தட்டில் காசுகள் கொட்டிக் கிடந்தன. எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. எது பளபளவென்று இருந்ததோ அதை எடுத்து ஒதுக்கினேன். அவர் அதை என் கையிலிருந்து வாங்கித் தட்டிலேயே போட்டார்.

"தம்பி, அது புளி போட்டுத் தேய்ச்சது. தோல் போயிருச்சு. இதப் பாருங்க."

அவர் கொடுத்தது கறுப்பேறிய காசு. லென்ஸையும் கூடவே கொடுத்தார். ஒரு பக்கம் கையில் பூவோடு நிற்கும் அரசன். மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் அரசன், அவன் கையருகே மூன்று வரியில் நாகரி எழுத்து: ஸ்ரீ ராஜராஜ. எழுத்தின் கால்களுக்கு நடுவே கெட்டியான கரும்பச்சை படிந்திருந்தது. நகத்தால் கீறச் சொன்னார். கீறினேன், அசையவில்லை. "ஆயிரம் வருஷமா சேர்ந்தது, நகத்துக்கு வராது. மருந்து வச்சு ஒரு வாரத்துல ஏத்துன பச்சைன்னா மாவு மாதிரி கையில ஒட்டும்" என்றார். அப்புறம் ஓரத்தைக் காட்டினார். அச்சில் வைத்து ஓங்கி அடித்ததில் செம்பு பிதுங்கி ஓரம் லேசாக விரிந்து வெடித்திருந்தது. ஒவ்வொரு காசும் தனித்தனியாக அடி வாங்கியதால் ஒன்றின் வெடிப்பு இன்னொன்றில் இருக்காது என்று அன்றைக்குச் சொன்னார். அந்த ஒரு வாக்கியம் எட்டு வருடம் கழித்து எனக்குக் கை கொடுத்தது.

ஆசைப்பட்டு ஏமாந்த கதை அது. சேரர் வெள்ளிக்காசில் 'மாக்கோதை' என்று தமிழி (பழைய தமிழ் பிராமி) எழுத்துப் பொறித்த வகை ஒன்று உண்டு. ஒரு தலை உருவம், மேலே பெயர். கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த வகை. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய தமிழ் அரசன் ஒருவனின் முகமும் பெயரும் ஒரே வெள்ளித் துண்டில் இருக்கிறது என்றால் சேர்ப்பவனுக்கு எப்படி இருக்கும்! வேறொரு ஊர்க் கண்காட்சியில் ஒருவரிடம் அதைப் பார்த்ததும் என் மாதச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்துவிட்டேன். பில் கேட்கவில்லை. எடை போட்டுப் பார்க்கவில்லை. "இன்னொருத்தர் கேட்டுட்டுப் போயிருக்காரு, சாயங்காலம் வருவாரு" என்று அவர் சொன்ன அவசரத்தில் நானும் விழுந்துவிட்டேன்.

ஐந்து மாதம் கழித்து இன்னொரு கண்காட்சி. வேறு டேபிளில் அதே வகைக் காசு. லென்ஸ் வைத்துப் பார்க்கிறேன், 'கோ' எழுத்துக்கு அடியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு குழி. எனக்கு வயிறு கலங்கிப் போனது. அதே இடத்தில், அதே குழி, என் காசிலும் இருக்கிறது. ஒவ்வொரு காசும் தனித்தனியாக அடி வாங்கியது என்று பெரியவர் சொன்னது ஞாபகம் வந்தது. மறக்க முடியுமா, எத்தனை ராத்திரி பார்த்த காசு! வீட்டுக்கு வந்து ஓரத்தைப் பார்த்தேன். சுற்றிலும் அரம் வைத்து ராவிய கோடுகள். வார்ப்பில் இரண்டு பாதி சேருகிற தையலை ராவி மறைத்திருக்கிறார்கள். எழுத்தும் தலைமுடியும் மெழுகு உருகினாற்போல மழுங்கியிருந்தது. உண்மையான காசு ஒன்றிலிருந்து அச்செடுத்து வார்த்தது, குழியும் சேர்ந்தே பிறந்திருக்கிறது.

விற்றவர் டேபிள் போட்டிருந்த ஒரு கண்காட்சிக்குப் போய் அவரிடம் கேட்டேன். "பார்த்துத்தானே சார் வாங்குனீங்க" என்றார். அதற்கு மேல் பேச்சு இல்லை. பக்கத்து டேபிள்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அது எனக்குப் பணம் போனதைவிட வலித்தது.

அதே மண்டபத்தில் அந்தப் பெரியவரும் இருந்தார். காசை வாங்கிப் பார்த்துவிட்டு என்னைத் திட்டவில்லை. தன் பெட்டியிலிருந்து ஒரு சின்னத் தாள் உறையை எடுத்தார். மலையமான் என்ற சங்ககாலக் குறுநில மன்னர்களின் செப்புக்காசு, ஒரு பக்கம் குதிரை. உறை மேல் பென்சிலால் 'திருக்கோவிலூர்' என்று எழுதி, வாங்கிய தேதியும் போட்டிருந்தார். "காசக் கேக்குறதுக்கு முன்னாடி இதக் கேளுங்க. எங்க கிடைச்சுது, யாருகிட்டயிருந்து வந்துச்சு. சொல்லத் தெரியாதவங்ககிட்ட விலை ஜாஸ்தியானதத் தொடாதீங்க." அன்றிலிருந்து என் எல்லா உறைகளிலும் ஊர்ப்பெயர் இருக்கிறது. ஊர் தெரியாத காசு எனக்கு இப்போதெல்லாம் பாதிக் காசுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை அவர் டேபிளுக்கு ஒரு ஆள் மஞ்சப்பையில் மண்ணோடு ஒட்டிய காசுகளைக் கொண்டுவந்தார். வயலில் பானையோடு கிடைத்ததாம். பெரியவர் பையைத் திறக்கக்கூட இல்லை. 1878 புதையல் சட்டப்படி கலெக்டருக்குச் சொல்ல வேண்டும், முதலில் தாசில்தார் ஆபீஸுக்குப் போங்கள் என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அந்தப் பையில் என்ன இருந்திருக்கும் என்று எனக்கு இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது. ஆனால் அவர் செய்ததுதான் சரி.

*

அண்ணா, புளி என்று படித்ததும் எழுத வந்துவிட்டேன். நான் மதுரை, பள்ளி ஆசிரியை. முதலில் வாங்கிய காசுகளை நானே புளி போட்டுத் தேய்த்திருக்கிறேன். பூஜைப் பாத்திரம் மாதிரி ஆகிவிட்டது, உருவம் எதுவும் மிஞ்சவில்லை. இன்னும் வைத்திருக்கிறேன், மாணவர்களுக்குக் காட்ட.

நான் வாங்குவது ரோமானியச் செப்புக்காசு. சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். கரூரிலும் எங்கள் மதுரைப் பக்கமும் கிடைத்த வகை, பெரும்பாலும் 4, 5ஆம் நூற்றாண்டு. தங்கக் காசை வாங்க நம்மால் முடியாது. புதுக்கோட்டையில் 1898இல் கிடைத்த 501 பொற்காசுகளைப் பற்றிப் படித்துத் திருப்திப்பட்டுக்கொள்ள வேண்டியதுதான். அவற்றில் பெரும்பாலானவற்றில் அரசன் முகத்தில் உளியால் வெட்டியிருக்கிறார்கள்.

ஐந்து காசு 600 ரூபாய்க்கு ஒரு டீலரிடம் வாங்கினேன். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அவர்தான் செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துக் காட்டினார். நிழல் விழுந்ததும் உருவம் எழுந்து வந்தது பாருங்கள்! குதிரையோடு விழுந்து கிடப்பவனை ஒரு வீரன் ஈட்டியால் குத்துகிறான். 348க்குப் பிறகு ரோமப் பேரரசில் அடித்த வகை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். எங்கள் வைகைக் கரைக்கு அது எந்தக் கப்பலில், யார் மடியில் வந்ததோ.

ஒரே ஒரு வருத்தம். நான் காசை எடுத்துப் பார்க்கும்போது விலையை என் கணவரிடம் சொல்கிற டீலர்கள் உண்டு. அவர் பை தூக்க வந்தவர். டார்ச் பிடித்துக் காட்டியவர் என்னிடம்தான் பேசினார், அதனால் அவரிடமே வாங்குகிறேன்.

*

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தான், இப்ப லண்டனில இருக்கிறன். இஞ்ச ஒரு காசுக் கண்காட்சியில ஒரு வெள்ளைக்கார டீலரின்ர பெட்டியில 'இலங்கை, பராக்கிரமபாகு' எண்டு சிங்கள அரசன்ர பேர் எழுதின உறையள் ஒரு கட்டு இருந்தது. ஒவ்வொண்டாப் புரட்டிக்கொண்டு போனா, ஒண்டில மாடு படுத்திருக்கு, கீழ 'சேது' எண்டு தமிழ் எழுத்து. யாழ்ப்பாணத்தை ஆண்ட எங்கட ஆரியச்சக்கரவர்த்திகளின்ர காசு! கை நடுங்கினது. உறையில பிழையா எழுதியிருக்கு எண்டு சொல்லாமல் வாங்கியிருக்கலாம், ஆனா மனம் கேக்கேல்ல. எழுத்தை வாசிச்சுக் காட்டினன். அந்த மனுசன் பேனையை எடுத்து உறையில 'யாழ்ப்பாணம்' எண்டு எழுதி, சொன்ன விலையில அஞ்சு பவுண் குறைச்சுத் தந்தார்.

திருச்சி அண்ணையிட்ட ஒரு கேள்வி. வாற வருசம் சென்னைக்கு வாறன். கண்காட்சியில ராஜராஜன் காசு வாங்கி இஞ்ச கொண்டுவரலாமோ?

*

தம்பி, கொண்டுபோக முடியாது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசு தொல்பொருள் கணக்கில் வரும். 1972 தொல்பொருள் சட்டப்படி தனியார் யாரும் அதை நாட்டுக்கு வெளியே எடுத்துப் போகக் கூடாது. சில டீலர்கள் "பர்ஸுக்குள்ள போட்டா யாருக்குத் தெரியும்" என்பார்கள். கேட்காதீர்கள்.

ஆனால் கண்டிப்பாக வாருங்கள். என் தட்டில் ராஜராஜன் காசு நாற்பதுக்கு மேல் இருக்கிறது, எல்லாவற்றையும் கையில் வைத்துப் பார்க்கலாம். உங்கள் சேதுக் காசை இரண்டு பக்கமும் படம் எடுத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒன்றும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். நான் இதுவரை அதை நேரில் பார்த்ததில்லை.